சாமுவேல் கிரிஃபித்: சட்டத்தை எழுதியவர், அதற்குப் பொருளும் சொன்னவர்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எல்லோருக்கும் இது மனப்பாடம்: பொதுப்பட்டியல், நாடாளுமன்றக் கூட்டு அமர்வு, மாநிலங்களுக்கிடையே வணிகச் சுதந்திரம் ஆகிய மூன்றும் ஆஸ்திரேலிய அரசமைப்பிலிருந்து எடுத்தவை. கல்வியைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றிய 1976ஆம் ஆண்டுத் திருத்தம் பற்றியோ நீட் பற்றியோ பேச்சு எழும்போதெல்லாம் இந்த வரியும் கூடவே வந்துவிடும்.

ஆனால் ஆஸ்திரேலிய அரசமைப்பை எடுத்துப் புரட்டினால் 'பொதுப்பட்டியல்' என்ற தலைப்பே அதில் கிடையாது. இருப்பது ஒரே பட்டியல், அதுவும் மத்திய நாடாளுமன்றத்தின் பெயரில். கூட்டு அமர்வு ஏற்பாடு முதல் வரைவில் இல்லை. வணிகச் சுதந்திரம் பற்றிய பிரிவோ எண்பது ஆண்டுகளுக்கு மேல் நீதிபதிகளைப் படாதபாடு படுத்தியது. இது ஏன் இப்படி ஆனது என்று தெரிந்துகொள்ள, அந்த முதல் வரைவைத் தன் கையால் எழுதி, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதே சட்டத்துக்குத் தலைமை நீதிபதியாக உட்கார்ந்து பொருள் சொன்ன சாமுவேல் வாக்கர் கிரிஃபித்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் தெரிந்திருக்க வேண்டியவை

1. 1901க்கு முன் 'ஆஸ்திரேலியா' என்று ஒரு நாடு இல்லை. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்து, தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா என்று ஆறு தனித்தனி பிரிட்டிஷ் காலனிகள்தான். ஒவ்வொன்றுக்கும் சொந்த நாடாளுமன்றம், சொந்தச் சுங்கச்சாவடி. எல்லை தாண்டினால் சரக்குக்கு வரி.

2. காலனி அரசின் தலைவர் பிரீமியர். இன்றும் அங்கே மாநில முதல்வரை அப்படித்தான் சொல்கிறார்கள்.

3. அட்டர்னி ஜெனரல் என்றதும் நம் ஊர் அரசு வழக்கறிஞரை நினைக்கக் கூடாது. அங்கே அவர் தேர்தலில் வென்று வந்த அமைச்சர். யார் மீது குற்றவழக்குத் தொடுப்பது, யாரை விடுவது என்ற முடிவு அவர் மேசையில் இருந்தது. கிரிஃபித்தைப் பற்றி இன்று எழும் கசப்பான கேள்விகள் பலவற்றுக்கு வேர் இந்தப் பதவிதான்.

வேல்ஸ் முதல் பிரிஸ்பேன் வரை

1845 ஜூன் 21 அன்று வேல்ஸில் மெர்தர் டிட்ஃபில் என்ற இரும்பாலை ஊரில் பிறந்தார். அப்பா சர்ச் போதகர். 1853இல் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியது. 1859 டிசம்பரில் குயின்ஸ்லாந்து தனிக் காலனியானபோது அவருக்குப் பதினான்கு வயது. ஆகவே அந்தக் காலனியும் அவரும் ஏறக்குறைய ஒன்றாக வளர்ந்தவர்கள் எனலாம்.

1863இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் பி.ஏ. முடித்தார். பிறகு குயின்ஸ்லாந்தின் இப்ஸ்விச்சில் ஆர்தர் மெக்கலிஸ்டர் என்ற வழக்கறிஞரிடம் பயிற்சி எழுத்தர் வேலை. 1865இல் கிடைத்த ஓர் உதவித்தொகையில் ஐரோப்பா சென்று இத்தாலிய மொழியில் தேறினார். அன்றைக்கு அது பொழுதுபோக்கு. முப்பது ஆண்டு கழித்து ஒரு குற்றவியல் சட்டத்துக்கு அடித்தளம். தாந்தேயின் காவியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும் இதே ஈடுபாட்டால்தான்.

1867இல் பாரிஸ்டர், 1872இல் சட்டமன்ற உறுப்பினர், 1874இல் பழைய முதலாளி மெக்கலிஸ்டரின் அமைச்சரவையிலேயே அட்டர்னி ஜெனரல். 1875ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் அவர் கைவண்ணம்: இலவசம், சமயச் சார்பற்றது, கட்டாயம். (அந்தக் 'கட்டாயம்' என்ற பகுதி 1900 வரை நடைமுறைக்கு வரவில்லை என்பதைப் பாராட்டுரைகள் சொல்வதில்லை.) பிரீமியராக இரண்டு முறை இருந்தார்: 1883 நவம்பர் முதல் 1888 ஜூன் வரை, 1890 ஆகஸ்ட் முதல் 1893 மார்ச் வரை. அந்த இரண்டு முறையும் ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வரும் அளவுக்கு அவர் மாறியிருந்தார்.

கரும்புத் தோட்டமும் ஆள்பிடிப்பும்

குயின்ஸ்லாந்தின் வடகரையில் கரும்பு. வெயிலில் வெள்ளையர் வெட்டமாட்டார்கள் என்பது தோட்ட முதலாளிகளின் வாதம். 1863இலிருந்தே மெலனீசியத் தீவுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். மூன்று ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 6 பவுண்டு கூலி. 1904 வரை போடப்பட்ட ஒப்பந்தங்கள் சுமார் 62,000. ஒப்பந்தம் என்று பெயர். ஏமாற்றியும் கடத்தியும் ஏற்றியவர்கள் ஏராளம். அன்றைய பேச்சு வழக்கில் இதற்குப் 'பிளாக்பேர்டிங்' என்று பெயர்.

1880களின் தொடக்கத்தில் பிரீமியராக இருந்த தாமஸ் மெக்கில்ரெய்த்துக்கு இன்னொரு யோசனை இருந்தது: பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து கூலிகளை இறக்கலாம். 1882இல் இலங்கையிலிருந்து சிங்களத் தொழிலாளர்கள் மெக்காய், பண்டபெர்க் பக்கம் வந்திறங்கவும் செய்தார்கள். 1883 தேர்தலில் கிரிஃபித் இதைக் கையில் எடுத்து வென்றார். நம்மைப் போன்றவர்கள் மீதிருந்த பரிவு அதற்குக் காரணமில்லை. பெருந்தோட்ட முதலாளிகளும் உரிமையற்ற கூலிகளும் கொண்ட சமூகமாகக் குயின்ஸ்லாந்து ஆகிவிடக் கூடாது. வெள்ளையர் குடும்பங்கள் சிறு நிலம் வைத்து உழ வேண்டும் என்பதே அவர் நினைப்பு. இந்தியக் கூலி வரவை அனுமதித்த சட்டத்தை 1886இல் அவர் அரசு நீக்கியது.

1884இல் 'ஹோப்ஃபுல்' என்ற ஆள்பிடி கப்பல் நியூகினி அருகே நடத்திய கொலைகள் வெளியே வந்தன. கிரிஃபித் அரசு வழக்குத் தொடுத்தது. இருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு பொதுமக்கள் கூச்சலிட்டு அதை ஆயுளாகக் குறைக்க வைத்தார்கள். கொலையாளிகளுக்காக ஊரே மனுப் போட்டது என்றால் அன்றைய மனநிலையைப் புரிந்துகொள்ளலாம். 1885இல் அமைத்த விசாரணை ஆணையம், தாங்கள் ஒப்புக்கொண்ட காலம் எவ்வளவு என்பதே தெரியாமல் பலர் கப்பலேறியிருந்தார்கள் என்று கண்டது. அரசு ஆட்களைத் தீவுகளுக்குத் திருப்பி அனுப்பியது. 1890 டிசம்பர் 31க்குப் பிறகு ஆள்சேர்ப்பே கிடையாது என்றும் சட்டம் வந்தது.

தடை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. சிறு விவசாயி கரும்பு போட்டால் யார் ஆலையில் பிழிவது? முதலாளியின் ஆலையில்தான். அந்தப் பிடியை உடைக்க 50,000 பவுண்டு அரசுக் கடனில் மெக்காய் பகுதியில் ரேஸ்கோர்ஸ், நார்த் ஈட்டன் என்ற இரண்டு மைய ஆலைகள் எழுந்தன. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை தெரிந்த நமக்கு இதன் தர்க்கம் புரிய நேரம் ஆகாது.

பிறகு என்ன நடந்தது? சர்க்கரை விலை விழுந்தது, கடன் வறண்டது, முதலாளிகள் வடக்குப் பகுதியைத் தனிக் காலனியாகப் பிரித்துவிடுவோம் என்று நெருக்கினார்கள். 1890இல் கிரிஃபித் தன் பரம எதிரி மெக்கில்ரெய்த்துடனேயே கூட்டணி வைத்தார். மக்கள் இரு பெயரையும் ஒட்டிக் 'கிரிஃபில்ரெய்த்' என்று கேலி செய்தார்கள். 1892 பிப்ரவரியில், தடையை நீட்டிக்க முடியாது, தீவு ஆட்களை மறுபடி அனுமதிக்கிறேன் என்று அறிக்கை விட்டார்.

கதை அத்தோடு முடியவில்லை. 1901இல் புதிய மத்திய அரசு தீவுவாசிகளை வெளியேற்றச் சட்டம் போட்டது. அதை எதிர்த்த வழக்கு 1906இல் உயர் நீதிமன்றம் வந்தபோது தலைமை நீதிபதி இருக்கையில் இருந்தவர் கிரிஃபித். வெளியேற்றம் செல்லும் என்றார். கதவை மூடியவர், திறந்தவர், உள்ளே வந்தவர்களை அனுப்பலாம் என்று முத்திரை குத்தியவர் மூவரும் ஒருவரே.

பழங்குடிகள் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். குயின்ஸ்லாந்தின் 'நேட்டிவ் போலீஸ்' என்ற படை (வெள்ளை அதிகாரிகள், பழங்குடி வீரர்கள்) எல்லைப்புறங்களில் நடத்திய படுகொலைகள் அவர் அட்டர்னி ஜெனரலாகவும் பிரீமியராகவும் இருந்த காலத்திலும் தொடர்ந்தன. வழக்குப் போடும் அதிகாரம் கையில் இருந்தும் அந்தப் படையை ஏன் நிறுத்தவில்லை என்று ஹென்றி ரெய்னால்ட்ஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் கேட்கிறார்கள். பிரிஸ்பேனில் அவர் பெயரில் உள்ள பல்கலைக்கழகத்தைச் சுற்றி விவாதம் எழுவது இதனால்தான். சத்தியப் பிரமாணம் செய்ய இயலாத பழங்குடிகளும் தீவுவாசிகளும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல 1884இல் வழி செய்தவரும் அவரே என்பது ஆதரவாளர்களின் பதில். சாட்சி சொல்ல ஆள் உயிரோடு மிஞ்ச வேண்டுமே என்பதால் இந்தப் பதில் பாதிதான் எடுபடுகிறது.

1891 மார்ச்: ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் பேனா

1886இல் தொழிற்சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தந்தவர் கிரிஃபித். 1890இல், உழைப்பவருக்கு உற்பத்தியில் நியாயமான பங்கு உண்டு என்று சட்டமாகவே எழுதிப் பார்த்தார், அது நிறைவேறவில்லை. அதனால் 1891இல் கம்பளி வெட்டும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, நம் ஆள் என்று நினைத்திருந்தவர் படையை அனுப்பியது அவர்களுக்குத் தாங்க முடியாத அடி. பார்கல்டைன் முகாமிலும் பிற இடங்களிலும் தலைவர்கள் கைதானார்கள். ராக்ஹாம்ப்டனில் நடந்த சதி வழக்கில் பன்னிரண்டு பேருக்கு மூன்றாண்டுச் சிறை. அடைத்த இடம் பிரிஸ்பேன் அருகே உள்ள செயின்ட் ஹெலினா தீவு. தொழிலாளர் கட்சி அங்கே வேர்விட்டதற்கு இந்தச் சிறைவாசமும் ஒரு காரணம்.

படை மேற்கே போய்க்கொண்டிருந்த அந்த வாரங்களில் கிரிஃபித் ஊரில் இல்லை. சிட்னியில் மார்ச் 2 அன்று தொடங்கிய கூட்டாட்சி மாநாட்டின் துணைத் தலைவராக உட்கார்ந்திருந்தார். காலனிக்கு ஏழு பேர், நியூசிலாந்திலிருந்து மூன்று பேர். தலைவர் ஹென்றி பார்க்ஸ் கொள்கைகளை முழங்க, அவற்றைச் சட்ட வாசகமாக்கும் வேலை கிரிஃபித் தலைமையிலான குழுவிடம் வந்தது.

மூலப் பிரதி ஒன்று ஏற்கெனவே இருந்தது. டாஸ்மேனிய வழக்கறிஞர் ஆண்ட்ரூ இங்லிஸ் கிளார்க் அமெரிக்க அரசமைப்பை முன்மாதிரியாக வைத்து ஒரு வரைவு கொண்டுவந்திருந்தார். ஆகவே கிரிஃபித்தை மட்டும் 'தந்தை' என்பது சரியில்லை. எலும்புக்கூடு பெரும்பாலும் கிளார்க்குடையது. தசையும் தோலும் கிரிஃபித்துடையவை.

குயின்ஸ்லாந்து அரசின் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் 'லூசிண்டா' சிட்னியில் நின்றிருந்தது. மார்ச் 27 புனித வெள்ளி. ஈஸ்டர் விடுமுறை மூன்று நாளும் ஊர் விழாக்கோலத்தில் இருக்க, கிரிஃபித், எட்மண்ட் பார்ட்டன், சார்லஸ் கிங்ஸ்டன் முதலியோர் கப்பலேறி ஹாக்ஸ்பரி ஆற்று முகத்தில் நங்கூரம் போட்டுப் பிரிவு பிரிவாகத் திருத்தினார்கள். கிளார்க்குக்குக் காய்ச்சல், தொடக்கத்தில் அவரால் போக முடியவில்லை. அவர் இல்லாத நேரத்தில் நீதித்துறை பற்றிய பகுதியில் கைவைத்துவிட்டார்கள் என்ற வருத்தம் அவருக்குப் பின்னாளிலும் இருந்தது. மார்ச் 31 அன்று மசோதா மாநாட்டின் முன் வந்தது, ஏப்ரல் 9 அன்று ஏற்கப்பட்டது. நாட்டின் அடிப்படைச் சட்டம் உருப்பெற்ற அந்தக் கப்பல் பின்னாளில் பிரிஸ்பேன் ஆற்று முகத்தில் பிஷப் தீவுக் கரையில் பழைய கப்பல்களோடு ஒன்றாகத் துருப்பிடித்துக் கிடந்தது.

1897–98இல் இரண்டாவது மாநாடு கூடி அந்த வரைவை மறுபடி அலசியது. குயின்ஸ்லாந்து பிரதிநிதிகளை அனுப்பவே இல்லை. கிரிஃபித்தோ 1893 மார்ச்சிலேயே அரசியலை விட்டுக் குயின்ஸ்லாந்துத் தலைமை நீதிபதியாகியிருந்தார். போகும்போது அந்தப் பதவிக்கான சம்பளம் 3,500 பவுண்டாக உயர்ந்திருந்தது, அது அன்றே வாய்க்கு வாய் பேசப்பட்டது. அவர் இல்லாமலேயே அவர் வாசகங்கள் பெரும்பாலும் தப்பிப் பிழைத்து 1901 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தன.

அந்த வரைவில் இருந்தது என்ன, விளைந்தது என்ன

1. அதிகாரப் பட்டியல். இறுதி அரசமைப்பில் இது 51ஆம் பிரிவு. மத்திய நாடாளுமன்றம் எந்தெந்தப் பொருளில் சட்டம் இயற்றலாம் என்று வரிசையாக எண் போட்டுச் சொல்கிறது. மாநிலங்களுக்குத் தனிப் பட்டியல் இல்லை. மாநிலத்திடம் முன்பு இருந்த அதிகாரம், வெளிப்படையாகப் பறிக்கப்படாதவரை மாநிலத்திடமே தொடரும் என்கிறது 107ஆம் பிரிவு. அப்படியானால் 51இல் உள்ள பெரும்பாலான பொருள்களில் இருவரும் சட்டம் போடலாம். மோதினால்? 109ஆம் பிரிவு: மத்தியச் சட்டம் நிற்கும், மாநிலச் சட்டம் மோதும் அளவுக்குச் செல்லாது. 'பொதுப்பட்டியல்' என்று நாம் சொல்வது உண்மையில் இந்த மூன்று பிரிவுகளும் சேர்ந்து உண்டாக்கும் நிலை. நம் மூன்று பட்டியல் முறை நேரடியாக வந்தது 1935 இந்திய அரசுச் சட்டத்திலிருந்து. வேறுபாடு இன்னொன்றும் உண்டு. இங்கே 254(2)இன்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால் மோதும் மாநிலச் சட்டம் அந்த மாநிலத்தில் பிழைத்துக்கொள்ளும். அங்கே அந்த ஜன்னல் கிடையாது, நேரே நீதிமன்றம்தான்.

2. வணிகச் சுதந்திரம். காலனிகளுக்கிடையே வணிகமும் போக்குவரத்தும் 'முற்றிலும் சுதந்திரமாக' இருக்கும் என்பது பார்க்ஸ் மேடையில் சொன்ன தீர்மான வாசகம். மேடைப் பேச்சு அப்படியே சட்டத்துக்குள் ஏறியது. இறுதியில் அது 92ஆம் பிரிவு. எதிலிருந்து சுதந்திரம்? சுங்க வரியிலிருந்து மட்டுமா, உரிமம், தரக் கட்டுப்பாடு எல்லாவற்றிலிருந்துமா? வாசகம் வாயைத் திறக்கவில்லை. 1988 வரை சுமார் 140 வழக்குகள். கடைசியில் தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து டாஸ்மேனியாவுக்குக் கொண்டுவந்த, அளவில் சிறிய கடல் நண்டு வகை ஒன்றைப் பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் பழைய தீர்ப்புகளை ஒதுக்கிவிட்டு, உள்ளூர் வணிகத்துக்குச் சலுகை காட்டும் பாகுபாட்டைத்தான் இது தடுக்கிறது என்று முடித்தது. நம் 301ஆம் பிரிவை எழுதியவர்கள் 'முற்றிலும்' என்ற சொல்லை விட்டுவிட்டு, 'இப்பகுதியின் பிற பிரிவுகளுக்கு உட்பட்டு' என்று முன்னால் ஒரு கடிவாளமும் போட்டார்கள். அந்தச் சொல் அங்கே பட்ட பாட்டைப் பார்த்தால், விட்டது நல்லதுதான்.

3. பண மசோதா. சிறிய காலனிகளுக்குப் பலமான செனட் (மேலவை) வேண்டும். பெரியவற்றுக்குப் பணத்தின் மீது கீழவைக்கு முழுப் பிடி வேண்டும். '1891 சமரசம்' இதுதான்: செனட் வரி மசோதாவையும் வழக்கமான செலவு மசோதாவையும் திருத்த முடியாது, திருத்தும்படி கேட்கலாம், முழுதாக நிராகரிக்கத் தடையில்லை. திருத்த முடியாதவர் நிறுத்திவைக்கலாம் என்ற இந்த இடைவெளியில்தான் 1975 நவம்பர் 11 அன்று விட்லம் அரசு விழுந்தது. செலவு மசோதாவை செனட் நிறுத்திவைத்தது, கவர்னர் ஜெனரல் பிரதமரைப் பதவி நீக்கினார். பிரதமர் என்ற பதவியே அந்த அரசமைப்பில் பெயர் சொல்லி இல்லை. அமைச்சர்கள் அவையில் உட்காரலாம் என்று மட்டும் கிரிஃபித் எழுதினார். நாடாளுமன்றத்துக்குக் கட்டுப்பட்ட அமைச்சரவையும் கூட்டாட்சியும் ஒத்துப்போகுமா என்பதில் அவருக்கே ஐயம் இருந்தது.

4. இன அதிகாரம். எந்த இனத்தாருக்கும் தனிச் சட்டம் போட மத்திய அரசுக்கு அதிகாரம் தரும் உட்பிரிவு. மாநாட்டில் விளக்கம் கேட்டபோது, தன் மனத்தில் குறிப்பாக இருந்தது பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து கூலிகள் வருவது போன்ற நிலைமை என்று கிரிஃபித் வெளிப்படையாகவே சொன்னார். பழங்குடிகளை இந்த உட்பிரிவிலிருந்து விலக்கியிருந்தார்கள். 1967 மே 27 பொதுவாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேலான ஆதரவோடு அந்த விலக்கு நீங்கியது. உட்பிரிவு இன்னும் இருக்கிறது.

கூட்டு அமர்வு? அது 57ஆம் பிரிவு, இரண்டாவது மாநாட்டில் சேர்ந்தது. கிரிஃபித் கணக்கில் எழுதக் கூடாது.

குற்றவியல் சட்டத் தொகுப்பு

இங்கிலாந்தில் குற்றவியல் சட்டம் தீர்ப்புகளில் சிதறிக் கிடந்தது. அதைத் தொகுக்க அங்கே எடுத்த முயற்சி 1880 வாக்கில் முடங்கிப்போனது. அந்தக் கைவிடப்பட்ட வரைவு, நியூயார்க் தண்டனைச் சட்டம், இத்தாலியின் 1889 சானார்டெல்லி தொகுப்பு மூன்றையும் மேசையில் விரித்து 1897இல் கிரிஃபித் தனியாளாக ஒரு வரைவை முடித்தார். இத்தாலியத் தொகுப்பை மூலத்திலேயே படித்தார். 1899இல் சட்டமாகி, கூட்டாட்சி பிறந்த அதே 1901 ஜனவரி 1 அன்று குயின்ஸ்லாந்தில் அமலானது.

இதன் இதயம் 23ஆம் பிரிவு. ஆங்கிலச் சட்டம் 'குற்ற மனம் இருந்ததா' என்று கேட்கும். அந்தச் சொல்லுக்கு ஆளுக்கு ஒரு பொருள். கிரிஃபித் அதை உடைத்து எளிய கேள்விகளாக்கினார்:

1. அந்தச் செயல் அவன் விருப்பத்தின் இயக்கத்தால் நடந்ததா? இல்லையென்றால் பொறுப்பில்லை.
2. விளைவு தற்செயலாக நேர்ந்ததா? அப்படியானால், கவனக்குறைவு பற்றிய தனிப் பிரிவுகளில் சிக்காதவரை, பொறுப்பில்லை.
3. நேர்மையாகவும் நியாயமாகவும் தவறான நம்பிக்கையில் செய்தானா? அந்த நம்பிக்கை உண்மையாக இருந்திருந்தால் எவ்வளவு பொறுப்போ அவ்வளவுதான் (24ஆம் பிரிவு).

மதுக்கடை வாசலில் ஒருவன் இன்னொருவனைத் தள்ளுகிறான், விழுந்தவன் தலை அடிபட்டு இறக்கிறான் என்று வையுங்கள். தள்ளியது விருப்பத்தால், முதல் கேள்வியில் தப்பிக்க முடியாது. இறப்பு தற்செயலா என்பதே போராட்டம். 'செயல்' என்பது தள்ளியதோடு முடிகிறதா, 'விளைவு' எங்கே தொடங்குகிறது என்று குயின்ஸ்லாந்து நீதிமன்றங்கள் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டின. எளிமையாக்க எழுதிய சொற்களே புதிய சிக்கலைப் பெற்றன.

இந்தத் தொகுப்பு போன ஊர்கள் வியப்பானவை: 1902இல் மேற்கு ஆஸ்திரேலியாவும் பாப்புவாவும், 1904இல் வட நைஜீரியா, 1916இல் முழு நைஜீரியா, பிறகு சைப்ரஸ். 1930இல் கென்யா, உகாண்டா, டாங்கனிக்கா. அந்தக் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் அதுவரை நடப்பில் இருந்தது மெக்காலேயின் இந்தியத் தண்டனைச் சட்டம். இந்தியாவுக்காக எழுதிய சட்டம் தங்களை ஆள்வது கென்யாவின் வெள்ளைக் குடியேறிகளுக்கு உறுத்தலாகவே இருந்தது. அதன் இடத்தில் உட்கார்ந்தது கிரிஃபித்தின் வழிவந்த சட்டம்.

தலைமை நீதிபதி

1903 அக்டோபரில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மெல்போர்னில் தொடங்கியது. (அங்கே இதுவே நாட்டின் உச்ச நீதிமன்றம்.) மூன்றே நீதிபதிகள்: கிரிஃபித், பார்ட்டன், ஓ'கானர். மூவரும் கூட்டாட்சி இயக்கத்தில் ஊறியவர்கள். அரசமைப்பில் எழுதாததும் தங்களுக்குத் தெரியும் என்ற உறுதி உள்ளவர்கள். இரண்டு கோட்பாடுகளை உண்டாக்கினார்கள்.

முதலாவது, பரஸ்பர விலக்கு. டாஸ்மேனியாவில் மத்திய தபால் துறை அதிகாரி ஒருவர் தன் சம்பள ரசீதில் மாநிலத்தின் 2 பென்ஸ் வரி முத்திரையை ஒட்ட மறுத்தார். 1904 வழக்கு. ஒரு அரசு மற்றதன் கருவியின் மீது வரி போட்டால் அதை முடக்கவும் முடியும் என்று அமெரிக்கத் தீர்ப்பை எடுத்தாண்டு, ரசீதுக்கு முத்திரை வேண்டாம் என்றார் கிரிஃபித். இரண்டு பென்ஸ் விவகாரம் வளர்ந்து, மத்திய அமைச்சரின் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது என்பதுவரை போனது. லண்டன் பிரிவி கவுன்சில் மாறாகத் தீர்ப்பளித்தும், 1907இல் உயர் நீதிமன்றம் அதைப் பின்பற்ற மறுத்தது. பேரரசின் உச்சியிலிருந்த மன்றத்தையே தட்டிக் கழித்த இதே கிரிஃபித்தான், 1900இல் அந்தப் பிரிவி கவுன்சில் மேல்முறையீடு தொடர வேண்டும் என்று லண்டனிடம் வாதாடியவர்.

இரண்டாவது, ஒதுக்கப்பட்ட அதிகாரம். மாநிலத்துக்கு விடப்பட்ட துறைகளுக்குள் மத்திய அரசு வேறு வாசல் வழியாக நுழையக் கூடாது. நியாயமான கூலி தரும் தொழிற்சாலைகளுக்கு விலக்குத் தந்து விவசாயக் கருவிகள் மீது மத்திய அரசு கலால் வரி போட்டது. இது வரியே இல்லை, வரி வேடத்தில் வந்த கூலிச் சட்டம் என்று 1908இல் 3–2 என்ற கணக்கில் விழுந்தது. எதிர்த்து எழுதியவர்கள் 1906இல் சேர்ந்த ஐசக்ஸும் ஹிக்கின்ஸும். காலம் அவர்கள் பக்கம் இருந்தது.

நீதிபதியாக இருந்துகொண்டே கவர்னர் ஜெனரல்களுக்கு அந்தரங்க ஆலோசனையும் சொல்லிவந்தார். 1914இல் இரு அவைகளையும் கலைக்கலாமா என்று கேட்டபோது, அது அபூர்வ அதிகாரம், அமைச்சர்கள் பரிந்துரைத்தால்தான் பயன்படுத்த முடியும், ஆனாலும் கவர்னர் ஜெனரல் தானே ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும் என்றார். 1975இல் கவர்னர் ஜெனரல் கெர், தலைமை நீதிபதி பார்விக்கிடம் கருத்துக் கேட்டதற்கு முன்னுதாரணமாகக் காட்டப்பட்டது இந்தப் பழக்கம். எதிர்காலத்தில் தன் முன்னே வழக்காக வரக்கூடிய விஷயத்தில் ஒரு நீதிபதி முன்கூட்டியே கருத்துச் சொல்வது சரியில்லை, அன்றும் சரியில்லை.

இருபத்திரண்டு நாள்

1919 அக்டோபரில் ஓய்வு. 1920 ஆகஸ்ட் 9 அன்று பிரிஸ்பேனில் இறந்தார். அதே ஆகஸ்ட் 31 அன்று 'இன்ஜினியர்ஸ் வழக்கு'த் தீர்ப்பு வெளிவந்தது. ஒரு தொழிற்சங்கம் 843 முதலாளிகள் மீது தொடுத்த கோரிக்கை. அந்த முதலாளிகளில் மேற்கு ஆஸ்திரேலிய மாநில அரசின் மர ஆலையும் இருந்தது. மத்தியத் தொழில் சட்டம் மாநில அரசைக் கட்டுப்படுத்துமா? சங்கத்துக்காக வாதாடியவர் 25 வயது ராபர்ட் மென்சிஸ், பின்னாளைய பிரதமர். ஐசக்ஸ் தரப்பு இப்போது பெரும்பான்மை. அரசமைப்பை அதன் சொற்களின் இயல்பான பொருளில் படிக்க வேண்டும், எழுதாத ஊகங்களை உள்ளே ஏற்றக் கூடாது என்று சொல்லி இரண்டு கோட்பாடுகளையும் ஒரே மூச்சில் தூக்கி எறிந்தார்கள்.

இதில் உள்ள முரண் எளிதில் கண்ணுக்குப் படாது. எந்தச் சொற்களை வைத்துக் கிரிஃபித்தின் பொருளைத் தள்ளினார்களோ, அவை பெரும்பாலும் அவரே 1891இல் எழுதியவை. மாநிலத்துக்கென்று தனிப் பட்டியல் போடாமல், மத்தியப் பட்டியலை மட்டும் எண் போட்டு வைத்த அந்த அமைப்பில், மத்திய அதிகாரத்தை விரித்துப் படித்தால் மாநிலத்துக்கு மிஞ்சுவது தானாகச் சுருங்கும். 107ஆம் பிரிவு மிச்சத்தைக் காக்கிறதே தவிர, மிச்சம் எவ்வளவு என்று சொல்வதில்லை. தன் கோட்பாடுகளால் அவர் அடைக்கப் பார்த்தது இந்த ஓட்டையைத்தான்.

1909இல் வந்த ஹடார்ட் பார்க்கர் வழக்கையும் பார்க்கலாம். கம்பெனிகள் பற்றிய மத்திய அதிகாரத்தைக் கிரிஃபித் மிகக் குறுக்கிப் படித்தார். 1971இல் அந்தத் தீர்ப்பு கவிழ்க்கப்பட்டது. 2006இல் அதே கம்பெனி அதிகாரத்தின் மீதுதான் நாடு தழுவிய தொழிலாளர் சட்டமே நின்றது. ஆனால் அதே தீர்ப்பில், நீதி வழங்கும் அதிகாரம் என்றால் என்ன என்று போகிற போக்கில் அவர் ஒரு வரையறை எழுதியிருந்தார்: குடிமக்களுக்கிடையிலோ, அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையிலோ, உயிர், சுதந்திரம், சொத்து பற்றி எழும் தகராறுகளைத் தீர்மானிக்க இறைமையுள்ள எந்த அரசுக்கும் இருந்தே தீர வேண்டிய அதிகாரம். 1950இல் பாரத் வங்கி ஊழியர் வழக்கில், தொழில் தீர்ப்பாயத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு உண்டா என்ற கேள்வி டெல்லியில் எழுந்தபோது, இந்திய நீதிபதிகள் எடுத்து வைத்தது அந்த வரையறையை.